விதிப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர்

அந்த நாட்டில் பதிவுத் திருமணம் செய்துகொள்ள அவர்கள் கேட்காத காகிதமே இல்லை. என் பிறப்புச் சான்றிதழ், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ், நான் கட்டிக்கொள்ளப்போகிறவருடைய முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ். முத்திரைக்காக அலைந்து என் செருப்பு தேய்ந்துபோனது. இறப்புச் சான்றிதழின் தமிழ் நகலில் ‘மாடிப்படியில் தவறி விழுந்து’ என்று இருந்தது. பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. அதனால் விதிப்படி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அதிகாரியம்மா மேஜைமேல் இருந்த போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

“யாரும் வற்புறுத்தலையே, தங்கச்சி?”

தமிழைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இல்லக்கா. எனக்குச் சம்மதம்தான்.”

அதிகாரியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. குரல் மட்டும் தொடர்ந்தது.

“படியில இறங்கும்போது அவர முன்னால போகச் சொல்லு.”

இது என்ன விதியோ என்று தலையாட்டிவைத்தேன்.

அதிகாரியம்மா அவரை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“மொழிபெயர்ப்பாளர் போனையே எடுக்கலையாம். நாளைக்கு வரச் சொல்றாங்க.”

“இப்பதான பேசினாங்க?”

“யாரு?”

நான் மேஜைமேல் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தேன்.

வரும்போது ஓடிய லிஃப்ட் இப்போது ரிப்பேர் என்றார். நாலு மாடி. படி தொடங்கும் இடத்தில் நின்று, என் கையிலிருந்த ஃபைலை அக்கறையாக வாங்கிக்கொண்டார்.

“நீ முன்னால போம்மா.”