போல்ட்டில் தொங்கிய வம்சம்

ஒரு பழைய காரின் பின் அச்சுக்கு நடுவே, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் இருந்தது. அது அந்தக் காரோடு பிறந்ததல்ல. முதலில் இருந்தது பல் உடைந்துபோனதால், ஒரு பால் வேனிலிருந்து கழற்றி மாட்டப்பட்டது. பழையதன் சுற்று விகித எண் பொறித்த தகரத் தகடு மட்டும் போல்ட்டில் அப்படியே தொங்கியது.

"பால்காரரே, நாளைக்குப் பழைய கார்களைச் சோதிக்கும் நிபுணர் வருகிறார்," என்றது தகடு. "என்னைப் படித்துவிட்டு உம்மைச் சோதிப்பார். பொருந்தாவிட்டால் உமக்குக் காயலான் கடைதான்."

"இத்தனை வருஷமாக வண்டியை ஓட்டியது நான்தானே, ஐயா?"

"ஓட்டுவது யாருக்கும் வரும். வம்சம் வருமா?"

டிஃபரன்ஷியலுக்குப் பயத்தில் எண்ணெய் கசிந்தது.

நிபுணர் வந்தார். தகட்டைத் துடைத்துப் படித்தார். பின்சக்கரங்கள் ஒருமுறை சுற்றுவதற்குள் எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினார். கணக்கு உதைத்தது. மறுபடியும் எண்ணினார்.

"சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. தகடுதான் தப்பு," என்று முணுமுணுத்து, தகட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

மறுநாள் அதே போல்ட்டில், எண் திருத்திய புதுத் தகடு ஒன்று பளபளவென்று தொங்கியது.

"நாம் இருவரும் இந்தக் காரோடு பிறந்தவர்கள், இல்லையா?" என்றது அது.



"அதிலென்ன சந்தேகம்?" என்றது டிஃபரன்ஷியல்.

அன்று மாலை வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒரு சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். டிஃபரன்ஷியல் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டது: "நீர் எந்த வண்டி?"