பொறிவண்டுக்கு இரண்டு படிவங்கள்

இந்தப் பூமியில் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய உயிர்களையெல்லாம் நான்தான் கண்டுபிடிக்கப்போகிறேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால், அவரைக் கொடியில் நான் பிடித்த நீல முதுகுப் பொறிவண்டு உலகின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்போதெல்லாம் புதிய இனம் என்றால் அநேகமாக அதில் ஒன்றுதான் பாக்கியிருக்கும். அதை விவரிக்க, அந்த ஒன்றையும் கொன்று வயிற்றைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஆகவே ‘புதிய இனம்’, ‘அழிந்த இனம்’ என்ற இரண்டு படிவங்களையும் பல்கலைக்கழகம் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சடித்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்து பெனிட்டா அக்கா ஏழு வருடமாக முனைவர் பட்டம் வாங்காதவர். அவருக்குக் கிடைத்த மூன்று வண்டுகளும் தப்பித்துவிட்டதாகக் கணக்கு.

“உங்ககிட்ட மாட்டுறதுக்கு மட்டும் எப்படிக்கா றெக்கை நல்லா வேலை செய்யுது?” என்றேன்.

“நீ ஊசிய எடுடா. பத்து நிமிஷத்துல டாக்டர் ஆயிடுவ,” என்றார்.

எடுத்தேன். டப்பாவிலிருந்து கவிழ்த்ததும் வண்டு கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. இது நடிப்பு என்று முதல் வருடமே படித்திருக்கிறேன். ஊசியோடு காத்திருந்தேன். நான் போய்விட்டேனா என்று பார்க்க, அது ஒரே ஒரு காலை மெல்ல வெளியே நீட்டியது.

சாயங்காலம் வழிகாட்டிப் பேராசிரியர் வந்தார். “எங்கப்பா உன் வண்டு?”

“டப்பா மூடி கொஞ்சம் லூசு சார்,” என்றேன், திறந்திருந்த ஜன்னலை மெதுவாகச் சாத்தியபடி.