வால் களவுபோன பாட்டு

குளத்தங்கரைக் கல்லொன்றில் ஒரு தவளைக் கவிஞர் குடியிருந்தார். தலைப்பிரட்டையாக நீந்திய காலத்தைப் பாடுவதுதான் அவருக்கு வேலை. பாட்டுக்குப் பாட்டு அவருடைய பழைய வால் நீண்டுகொண்டே போய், இப்போது மயில் தோகையையே எட்டிவிட்டது. "என் பொன்வாலைக் களவாடிய பாவி எவனோ!" என்று முடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டம் அழுவார்.

ஒருநாள், கால் முளைத்த தலைப்பிரட்டை ஒன்று பதறிக்கொண்டு வந்தது. "மாமா, என் வாலும் குறையுது!"

தவளையாருக்கு ரத்தம் கொதித்தது. "அதே களவாணிதான்! இந்தத் தடவை அவனை விடமாட்டேன்" என்று தண்ணீரில் குதித்து, குட்டியின் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் காவல் இருந்தார். ஈ காக்கை அண்டவில்லை. ஆனாலும் வால் அவர் பிடிக்குள்ளேயே நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் வெறுங்கைதான் மிஞ்சியது.

"ஒருத்தனும் வரலையே!" என்று திகைத்தார்.

குட்டி நெளிந்தது. "மாமா, இத்தனை நாளும் நான் ஒரு துளி பாசிகூடத் திங்கல. ஆனா பசிக்கவே இல்ல. இப்போ ஏப்பம் வேற வருது. உள்ளுக்குள்ளயே நான்தான் தின்னுட்டேன் போல."

தவளையார் வெகுநேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் கல்லில் ஏறி அதே பாட்டைத்தான் பாடினார். 'பொன்வால்' என்ற இடம் வந்தபோது மட்டும், கண்ணீருக்குப் பதிலாக வாயில் எச்சில் ஊறியது.