பன்னிரண்டு பல் போன அக்கா

"மறுபடியும் பல்வலியா?"

லாண்டரி முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். இஸ்திரி அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகத் தலையாட்டினாள்.

"இதுவரைக்கும் பன்னெண்டு பல்லு பிடுங்கியாச்சு. எங்கே, வாயைத் திற பார்ப்போம்!"

திறப்பாளா? முப்பத்திரண்டும் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றனவே!

விஷயம் வேறொன்றுமில்லை. நாற்பத்தேழு வயதில் அக்கா பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். அந்தக் காலத்தில் கணக்கு வாத்தியார் போர்டில் 'எக்ஸ்' என்று எழுதிய வாரம்தான் அவள் படிப்பை நிறுத்தினார்கள். அந்த எக்ஸ் யாரென்று தெரியாமல் கண்ணை மூடுவதில்லை என்று சபதம். வியாழன்தோறும் வகுப்பு, அதனால் வியாழன்தோறும் பல்வலி. உண்மையைச் சொன்னால் கடையில் கேலி பண்ணியே உயிரை வாங்கிவிடுவார்கள்.

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. விட்டால் ஒரு வருஷம் போச்சு.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், முதலாளி..."

"நாளைக்கா? எனக்கும் கோர்ட்டு இருக்கே!" என்றார். பாவம், அவருக்கு ஏதோ நிலத் தகராறு. புதன்தோறும் கோர்ட்டுக்கு ஓடுகிற மனுஷர்.

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் சட்டையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னய்யா கடை நடத்தறீங்க? இதை முதுகுல குத்திக்கிட்டு ஆபீஸ் பூரா சுத்தியிருக்கேன். எல்லாரும் சிரிக்கறாங்க!"

காலருக்குப் பின்னால் எண் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சீட்டு. 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்று ஆரம்பித்து ஒரு சூத்திரம்.

அக்காவுக்குக் குப்பென்று வியர்த்தது. வேலைக்கு நடுவே படிக்க, சீட்டுகளில் சூத்திரம் எழுதி மேஜையில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அடிக்கடி ஒன்றிரண்டு காணாமல் போகும். ஃபேன் காற்றுக்குப் பறந்ததாக்கும் என்று நினைத்திருந்தாள்.

"அதுவும் தப்பு!" என்றார் வாடிக்கையாளர். "நடுவுல டூ ஏபி எங்கே?"

முதலாளி சீட்டை வாங்கிப் படித்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"டூ ஏபி உண்டா?" என்றார், ஈனஸ்வரத்தில்.

"இல்லாம?"

அவ்வளவுதான். முதலாளி அக்கா பக்கம் திரும்பினார்.

"போ! இப்பவே வீட்டுக்குப் போ! நாளைக்குக் கடைப் பக்கமே தலை காட்டாதே!"

இருபது வருஷ வேலை. அக்கா அழுதுகொண்டே போனாள். ஆனாலும் மறுநாள் காலை பரீட்சைக்குக் கிளம்பிவிட்டாள். வேலைதான் போயிற்று, எக்ஸையாவது பார்த்துவிடலாமே!

தேர்வுக் கூடத்து வராந்தாவில் கூட்டம். சுவர் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி! நீங்களா?"

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். கையில் ஹால் டிக்கெட்.

"அப்ப... கோர்ட்டு கேஸு?"

"இது மூணாவது வாய்தா" என்றார் வெட்கத்துடன். "போன ரெண்டு தடவையும் கணக்குல போச்சு. ஐம்பத்தெட்டு வயசுல வெளியே சொல்ல முடியுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே வேலை ஞாபகமும் வந்தது. "கடைப் பக்கம் வராதேன்னீங்களே..."

"பரீட்சை அன்னிக்குக் கடையில உனக்கென்ன வேலை? பன்னெண்டு பல்லுக்கும் சேர்த்து ஒரு நாள் சம்பளமாவது பிடிச்சிருப்பேனா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அத்தனையும் அவள் எழுதிய சீட்டுகள். "நீதான் தினம் ரெண்டு சட்டையில இதைக் குத்தி அனுப்பறியே! பேக்கிங்குக்கு முன்னாடி நான் கழட்டி வெச்சுக்குவேன். முந்தாநாள் ஒண்ணு தப்பிச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் அப்படிக் கத்தினீங்க?"

மணி அடித்தது. முதலாளி அழாத குறையாகச் சொன்னார்:

"கத்தாம? உன் சீட்டை நம்பித்தானே நானும் மூணு மாசமா டூ ஏபி இல்லாமலே மனப்பாடம் பண்ணியிருக்கேன்!"