இருமுறை சேர்த்த அளவு

"மூடிக்கு உள்பக்கமா பிளாஸ்டிக் இறங்கட்டும் ரெஜி, வெளியில விட்டா தழும்பு தெரியும்" என்றான் ஸ்டீபன், உருகிய பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சின் படத்தைக் காட்டி.

"மூச்சு இழுப்பு வந்தவன் தழும்பையா பாக்கப் போறான்?" என்று ரெஜினா சிரித்தாள்.

அன்று மதியத்துக்குள் அவள் கணவன் ஸ்டீபனின் இதயம் நின்றுவிட்டது.

நாற்பது நாள் கழித்து அவள் அம்பத்தூர் ஆலைக்குத் திரும்பியபோது, அவன் இடத்தில் ஒரு திரை இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அவன் வரைந்த அச்சுகளைப் படித்துத் தேறிய மென்பொருள், அவன் குரலிலேயே பேசியது. "படம் ரெடி ரெஜி, கையெழுத்து போடு."

அது மூச்சுமருந்துக் குப்பியின் மூடிக்கான அச்சு. வளைவுகளெல்லாம் அவன் கை போட்டவை போலவே இருந்தன. அளவில்தான் அவள் நின்றாள். பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள். ஸ்டீபன் அந்தக் கூடுதலை மூடியின் படத்திலேயே சேர்த்துவிட்டு, "நான் சேத்துட்டேன், நீ மறுபடி சேக்காத" என்று பக்கத்து நாற்காலியில் அச்சுக்கு அளவு போடும் அவளைப் பார்த்துச் சொல்வான். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. மென்பொருள் மூடியிலும் சேர்த்து, அச்சிலும் சேர்த்திருந்தது. மூடி பெரிதாகிக் கழன்று விழும். குப்பிக்குள் புகுந்த தூசியை யாரோ ஒரு நோயாளி நெஞ்சுக்குள் இழுப்பார்.

"இன்னைக்கே எஃகு வெட்டணும்மா. ஸ்டீபன் சார் படத்துல தப்பு வருமா?" என்றார் மேலாளர்.

"அவரா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு சார்."

ஒரு கூடுதலை நீக்கிவிட்டுத்தான் அவள் கையெழுத்திட்டாள். மூன்றாம் வாரம் வந்த முதல் மூடி, குப்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடி வார்க்கும் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன் இப்போதும் நூற்றுக்கு ஒன்றரைதான் சுருங்குகிறது.