கோலமாவுக் கோடு

"ஹம்சினி! சீக்கிரம் வா, கோடெல்லாம் காணோம்!"

பள்ளிக்கூட வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஹம்சினி, கிரிஷின் குரல் கேட்டு பிரஷ்ஷோடு தெருவுக்கு ஓடினாள்.

உண்மைதான். நேற்று சாயங்காலம் முதுகு வலிக்கக் குனிந்து போட்ட வெள்ளைக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. ஈர மண்தான் பளபளத்தது. காலனிப் பெண்கள் வழக்கம்போல விடிந்ததும் வாசல் தெளித்துப் பெருக்கியிருந்தார்கள்.

வேடந்தாங்கல் போகிற வழியில் இருந்தது அந்தக் காலனி. படூர் கல்லூரியிலிருந்து வந்த ஹம்சினி, கிரிஷ் முதலான கட்டடக்கலை மாணவர்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, குறுகலான சந்துப் பாதையை அகலப்படுத்தத் திட்டம் தயாரித்திருந்தார்கள். காகிதத்தில் காட்டினால் யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் வரப்போகும் சாலையை மண்ணிலேயே முழு அளவில் வரைந்தார்கள். சுண்ணாம்பு கிடைக்காததால் கோலமாவு. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாசல் தெளிக்கிற நினைப்பு எங்கிருந்து வரும்?

"பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸ்லேர்ந்து வராங்க. கோடு வரைக்கும் நிலம் விடச் சம்மதம்னு எல்லா வீட்டுலயும் சொல்லணும். ஒரு வீடு மாட்டேன்னாலும் ரோடு கிடையாது" என்றான் கிரிஷ்.

ஹம்சினிக்கு அழுகை வந்தது. கடைசி வீட்டுத் தேவசகாயத்துக்கு வாரம் இருமுறை செங்கல்பட்டில் டயாலிசிஸ். ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். போன மழையில் நாற்காலியோடு சேற்றில் விழுந்தவர், 'இனிமே நா போவல, என்னிய இப்டியே வுட்டுடு' என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

அந்த மனைவி ரெபேக்காளே எதிரில் வந்தாள்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நிக்குற?"

"கோடெல்லாம் அழிச்சிட்டீங்களேக்கா!"

ரெபேக்காள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட கர்த்தரே! கைப்பழக்கம்மா. தண்ணியத் தொட்டா தானா தெளிச்சிடுது. சரி, மீதி மாவு கீதா? குடு. அவங்கவங்க வூட்டாண்ட எங்க கோடு இருந்துச்சின்னு அவங்கவங்களுக்குத் தெரியாதா? நீங்க போயி நாஸ்தா துன்னுட்டு வாங்க."

மாவுப் பையோடு அவள் போனதும் கிரிஷ் முணுமுணுத்தான். "அவங்கவங்க கோட்டை அவங்கவங்களே போட்டா விளங்கினாப்பலதான். சைக்கிள் போற அளவுக்கு ரோடு இருந்தா அதிசயம்."

ஹம்சினியின் பயம் வேறு. தேவசகாயம் வீட்டுக்குத் திரும்புகிற மூலையில் சாராளின் வீடு. ஒரு முன்னறை, பின்னால் சின்னதாகச் சமையலறை. சாக்கடைத் தகராறில் அவளும் தேவசகாயம் குடும்பமும் பேசி வருஷக்கணக்காகிறது. ஆம்புலன்ஸ் திரும்பவேண்டுமென்றால் அவள் முன்னறையே போகவேண்டும். "அதைக் கேட்க எங்களுக்கு மனசு வரல. திருப்பம் வரைக்கும் வண்டி வரட்டும், அங்கேர்ந்து தூக்கிக்கலாம்" என்று நேற்றுக் கூட்டத்தில் ஹம்சினியே சொல்லிவிட்டு, சாராள் வீட்டுச் சுவரை ஒட்டிக் கோடு போட்டாள். சாராள் வந்தாள். அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாணவர்கள் பயந்துபோய் தெருப்பக்கம் ஓரடி தள்ளிப் போட்டார்கள்.

இட்லியைப் பாதியிலேயே வைத்தார்கள். இருவரும் அளவு டேப்போடு திரும்பி வந்தார்கள்.

முதல் வீடு ஜெபசிங்குடையது. கிரிஷ் அளந்தான். மறுபடி அளந்தான்.

"அண்ணே, தப்பாப் போட்டுட்டீங்க. நாங்க கோழிக்கூண்டுக்கு வெளியிலதான் போட்டோம். இது கூண்டைத் தாண்டி உள்ள வந்திருக்கு."

"தெரியும்பா" என்றார் ஜெபசிங். "கோழி எங்கனா பூந்துக்கும். தேவசகாயம் பூந்துக்குவானா?"

அடுத்த வீட்டில் கோடு முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதற்கடுத்த வீட்டில் துணி துவைக்கிற கல்லுக்கு அப்பால். ஒரு வீட்டிலாவது கோடு தெருப்பக்கம் நகரவில்லை. எல்லாம் வீட்டுப்பக்கமே நகர்ந்திருந்தது. கிரிஷ் டேப்பை இழுத்துக்கொண்டே போனான். யார் யாரிடமும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. கொடுக்கிற மனசைக் கடவுள் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பியிருக்கிறார் என்றுதான் ஹம்சினிக்குத் தோன்றியது.

மூலைக்கு வந்தார்கள்.

சாராள் வீட்டுக்கு வெளியே கோடே இல்லை. சுவரை ஒட்டியும் இல்லை, ஓரடி தள்ளியும் இல்லை. சுத்தமாகப் பெருக்கி விட்டிருந்தது.

"போச்சு" என்றான் கிரிஷ் மெதுவாக. "ஒரு வீடு போதும்னு சொன்னேன்ல."

பெரிய ரோட்டில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரெபேக்காள் தூரத்திலேயே நின்று இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வர அவளுக்குத் தைரியமில்லை.

ஹம்சினி கைகூப்பாத குறையாகக் கதவருகே போனாள். "சாராக்கா, நேத்து போட்டது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளிக்கூடப் போட்டுக்கலாம். ஒரு கோடு மட்டும் போட விடுங்கக்கா. இல்லன்னா ரோடே வராது."

சாராள் கதவை முழுக்கத் திறந்தாள். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"வெளிய இன்னாடி தேடுற? உள்ள வந்து பாரு. செருப்பக் கயட்டிட்டு வா, அயிஞ்சிடப் போவுது."

கட்டிலும் துணிப்பெட்டியும் சமையலறைக்குள் திணிக்கப்பட்டிருக்க, காலியான முன்னறையின் சிமெண்டுத் தரைக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை, ஆம்புலன்ஸ் திரும்புகிற அந்த முழு வளைவும் கோலமாவில் வெள்ளையாகக் கிடந்தது.