நீலச் சட்டைக்காரர்

"உள்ள நீலச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் உக்காந்திருப்பார். அவர்தான் தேர்வுக் குழுத் தலைவர். நோயாளி மாதிரி நடிச்சு, யார் எப்படிப் பழகறாங்கன்னு பார்ப்பார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதம்மா!"

அரசு மனநல மருத்துவமனை வாசலில் காவலாளி இப்படிக் காதைக் கடித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சமூகப் பணி முதுகலையில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இன்றைய நேர்காணலில் மருத்துவமனை உதவித்தொகை கிடைத்தால் கட்டணத்தையும் கட்டி, மாசச் செலவுக்கும் கொடுப்பார்கள். பதிலுக்கு வாரம் ஒரு நாள் இங்கே பயிற்சி. படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை. கிடைக்காவிட்டால் படிப்புக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, அத்தானின் செருப்புக் கடையில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

இருப்பது ஒரே இடம். போட்டிக்கு எட்டுப் பேர். அவள் டோக்கன் எட்டு.

உள்ளே போனால், மற்ற ஏழு பேரும் நீலச் சட்டையைச் சுற்றி ஈயாக மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அடப்பாவி காவலாளி! ஊருக்கே சொல்லியிருக்கிறார்.

ஒருத்தி ஃபைலால் விசிறினாள். ஒருத்தன் பூம்பூம் மாடாகத் தலையாட்டினான். இன்னொருத்தன், பெரியவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெஞ்சில் நாலு டீ வரிசையாக ஆறிக்கொண்டிருந்தது.

அவள் மட்டும் சும்மா இருப்பாளா? ஓடிப்போய் ஐந்தாவது டீயை வாங்கி வந்தாள். கூச்சமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் செருப்புக் கடை கண்முன்னே நின்றதே!

பெரியவர் குஷியாகப் பேசினார். பஸ்ஸில் குடையைத் தொலைத்தது, அது திரும்பக் கிடைத்தது, மூன்று வருஷம் பிடித்த பிறகு அது வேறு யாருடையதோ என்று தெரிந்தது... கேட்கக் கேட்க அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

டோக்கன்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் பெஞ்சில் அவளும் பெரியவரும்தான்.

"எனக்கு எப்பவும் வெள்ளை மாத்திரைதான் கொடுப்பாங்க. இந்தத் தடவை ரோஸ் கலர்ல கொடுத்துட்டாங்க. மருந்து மாறிப்போச்சுன்னு நாலு நாளா தொடவே இல்ல. தூக்கமே வர மாட்டேங்குதும்மா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேனே! நீ வர்றதுக்கு முன்னாடியே ஏழு பேர்கிட்டயும் சொன்னேன். நல்லா தலையாட்டினாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நடிப்பா, நிஜமா? நடிப்பென்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நிஜமென்றால்?

"ஐயா, நீங்க தலைவராவே இருந்துட்டுப் போங்க. மாத்திரை விஷயத்துல விளையாடக் கூடாது. எழுந்திருங்க, நர்ஸம்மாவைப் பார்ப்போம்!"

பெரியவர் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

பார்த்து, அப்போதுதானா கூப்பிட வேண்டும்?

"டோக்கன் எட்டு!" என்று நேர்காணல் அறை வாசலிலிருந்து பியூன் கத்தினார்.

"சார், அஞ்சே நிமிஷம்!"

"மூணு தடவை கூப்பிடுவேன். அப்புறம் ஆப்சென்ட்தான்."

அவள் பெரியவரின் கையைப் பிடித்தபடியே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

நர்ஸம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதே மருந்துதான் ஐயா. கம்பெனி மாறியிருக்கு, கலரும் மாறிடுச்சு. ஆனா நாலு நாள் விட்டது தப்பு. வாங்க, இப்பவே டாக்டரைப் பார்த்துடலாம்."

அவள் தலைதெறிக்க ஓடி வந்தாள். கதவு சாத்தியிருந்தது. தட்டாமலே நுழைந்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா. நீலச் சட்டைக்கும் குழுவுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது!

"எட்டுக்கு ஆப்சென்ட் போட்டாச்சே. எங்க போனீங்க?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "வெளிய இருக்கிற பெரியவர்தான் தலைவர்னு நினைச்சு, காக்கா பிடிக்க டீ வாங்கிக் கொடுத்தேன் மேடம். ஆனா அவர் நாலு நாளா மாத்திரை போடலையாம். அதான் நர்ஸம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். மன்னிச்சுடுங்க."

அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு முன்னாடி வந்த ஏழு பேரும், 'வெளிய ஒரு பெரியவர் பேசினதை மனசாரக் கேட்டேன்'னு பெருமையா சொன்னாங்க. என்ன சொன்னார்னு கேட்டேன்," என்றார் அந்த அம்மா. "ஏழு பேரும் குடைக் கதைதான் சொன்னாங்க."

பேனாவை எடுத்து 'ஆப்சென்ட்'டை அடித்தார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்துடுங்க."

அவள் கால் தரையில் படவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வாசலுக்கு வந்து, காவலாளியை மடக்கினாள்.

"அண்ணே, இடம் எனக்குத்தான்! ஆனா நீங்க சொன்னது அண்டப் புளுகு!"

"புளுகுதான்மா," காவலாளி தலையைச் சொறிந்தார். "வீட்டுல பேச ஆளில்லாம செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து உக்காருவார். ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க. நேர்காணல் அன்னிக்கு ஒரு நாளாவது ராஜா மாதிரி இருக்கட்டுமேன்னுதான்..."

அதற்குள் பெரியவரே டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவளைக் கவனிக்காமல் காவலாளியிடம் கிசுகிசுத்தார்.

"தம்பி, அடுத்த வருஷமும் இதே நீலச் சட்டைதானா? இல்ல, புதுசு எடுக்கணுமா?"

காவலாளி அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"இனிமே வேஷமே வேணாம் பெரியவரே. நீங்க பேசறதைக் கேக்க, சர்க்காரே காசு கொடுத்து ஆள் போட்டாச்சு!"